மூடிமேல் வைத்த கல்

மகள் வடிவுக்கு வந்த சாவை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று எங்கள் வீட்டில் சொல்லப்படுவதை நான் பல வருஷங்களாகச் சந்தேகித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடித் தொட்டியையும் அதற்குள் ஒற்றையாகப் போய்வந்துகொண்டிருக்கும் அரவானாவையும் பார்த்து, சைவ வீட்டில் இவ்வளவு பெரிய மீனா என்று கேட்பார்கள். என் மனைவி ஆவுடை காபித் தட்டை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். எங்கள் மகள் வடிவு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது, பிளேட்லெட் நாளுக்கு நாள் இறங்கியது, டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது, அன்று மத்தியானம் குளித்து மாற்றுத்துணி எடுத்துவர ஆவுடை வீட்டுக்கு வந்தது, அவள் கண்ணெதிரே மீன் தொட்டியிலிருந்து எகிறித் தரையில் விழுந்து உயிரை விட்டது, அதே நேரத்தில் அங்கே பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. இதில் ஒவ்வொன்றும் நடந்ததுதான். வடிவு கிடந்தாள், இறங்கியது, மீன் செத்தது, ஏறியது. எதை மறுப்பேன்? நடந்தவற்றைக் கோத்திருக்கும் நூலைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. நூலின் ஒரு முனை ஆஸ்பத்திரியில் என்னிடம் இருந்தது. இன்னொரு முனை ஆவுடையிடம். அன்று மத்தியானம் இந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவளும் மீனும்தான்.

இப்போது தொட்டியில் இருப்பது இரண்டாவது மீன். முதலாவதை விட நீளம். திரும்புவதற்கு உடம்பை முழுக்க வளைக்க வேண்டியிருக்கிறது, வளைத்துத் திரும்பி இந்தப் பக்கம் வருகிறது, கண்ணாடியில் முட்டுவதற்கு ஒரு விரல் இருக்கும்போது மறுபடியும் வளைகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டாயிற்று. ஆவுடை உள்ளறையில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை, மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து முக்காலியில் பழைய ஜாம் பாட்டில், அதில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கிறேன். பால் மாதிரி வெளுத்திருந்தது இப்போது அடியில் தேங்கத் தொடங்கிவிட்டது. கரைத்ததை ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, பொழுது சாயறதுக்குள்ள ஊத்திடு சார், அப்புறம் அது வெறும் சுண்ணாம்புத் தண்ணிதான் என்று கொளத்தூர் மீன்கடை டில்லிபாபு சொல்லியிருக்கிறார். மீனின் இடது விலாவில், செதிள்களுக்கு நடுவில், மூன்று இடங்களில் வெள்ளை நூல் தொங்குகிறது. துணி தைத்து அறுக்காமல் விட்டது போல. நூலின் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அதுதான் முட்டைப் பை. அடியில், நூல் தோலுக்குள் போகுமிடத்தில், சிவப்பாக ஒரு புள்ளி. ஆங்கர் வார்ம் என்பார் டில்லிபாபு. நங்கூரப் புழு. வெளியே தெரிவது கயிறு மட்டும்தான், இரும்பு உள்ளே சதையில் கொத்திக்கொண்டு கிடக்கிறது, இழுத்தால் கயிறுதான் கையோடு வரும். இடது. ஆவுடைக்கும் இடது. இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒன்று, குளிக்கும்போது அவளாகத்தான் கண்டுபிடித்தாள். ஊசி விட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள், நாளைக் காலை முடிவு சொல்வார்கள். மீனின் இடதும் அவளுடைய இடதும் ஒன்று என்று இப்போது நினைத்தது நானா? மீன் திரும்பினால் அதே விலா வலது பக்கம் வருகிறது. நாற்காலியைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தால் நான் இடது என்றே நினைத்திருக்க மாட்டேன். இல்லை, மீனுக்கு அதன் இடது எப்போதும் இடதுதான். இப்படித்தான் மத்தியானத்திலிருந்து.

இந்தப் புழு எங்கள் வீட்டுக்கு வந்த வழியை யோசித்தால் சிரிப்பு வரும், சிரிக்கிற நாளாக இருந்தால். அரவானா மாமிசம் தின்னும் மீன். வாஸ்துவுக்கு நல்லது என்று என் மச்சான் கோலப்பன்தான் முதலாவதை வாங்கிவந்து வைத்தான், அது என்ன தின்னும் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. இறால் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, தினம் ரெண்டு உரித்துப் போடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். ஆவுடை முகத்தைப் பார்த்தேன். தயிரும் கீரையும் பூஜைக்கு வாங்கிய பூவும் இருக்கிற பெட்டியில் இறாலா? இவள் வீட்டார் முட்டை போட்ட கேக்கைக் கூட வாசலுக்கு வெளியே நின்று தின்றவர்கள். சரி, உசிரோட மீன் போடலாம், சின்ன மீன், அதைத் தொட வேண்டாம், வெட்ட வேண்டாம், கவரைச் சாய்த்தால் போதும் என்றார்கள். ஆவுடை ஒப்புக்கொண்டாள். உயிரோடு இருக்கும் வரை அது மீன், செத்தால்தான் கறி. எங்கள் குளிர்பெட்டி சுத்தமாக இருந்தது. வால் கோணல், நிறம் மங்கல் என்று கடைக்காரர்கள் கழித்த கோல்டு ஃபிஷ் குஞ்சுகளை ஃபீடர் என்று கவரில் அடைத்து விற்பார்கள், ஒரே தொட்டியில் நெருக்கி, ஒன்றன் சீக்கு ஒன்றுக்கு ஒட்டி, எப்படியும் இன்னொன்றின் வயிற்றுக்குள் போகப்போகிறதுதானே என்று யாரும் மருந்து பார்க்காமல். அந்தக் குஞ்சுகளோடு புழுவும் வந்தது. நாங்கள் சைவமாக இருந்ததால் வந்தது. இறால் வாங்கியிருந்தால் வந்திருக்காது. வெட்டிப் போட மனம் இல்லாதவர்கள் உயிரோடு போட்டோம். அது துரத்தித் துரத்தி விழுங்கும்போது ஆவுடை சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவாள், தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது. கேட்பதற்கு என்ன இருந்தது, மீன் கத்துமா.

அந்த முதல் மீனுக்கும் இதே நூல்தான் தொங்கியது, வடிவு காய்ச்சலில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். அப்போது எனக்கு அது என்னவென்று தெரியாது, ஏதோ பாசி என்றுகூட நினைத்தேன். எல்லாம் முடிந்து வடிவு வீட்டுக்கு வந்த பிறகு புது மீனோடு டில்லிபாபு வந்தார். காலியாகக் கிடந்த தொட்டியைக் கழுவிக்கொண்டே ஆவுடையிடம், அம்மா, அது உங்க வூட்டுக் கண்டத்த வாங்கினு போயிடுச்சும்மா, தலைக்கு வந்தத தன் தலைமேல எடுத்துக்கிச்சு, இந்த சாதி மீனுக்கு அந்த கொணம் உண்டு என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இன்னொரு காபி போட்டாள். மாடிப்படி இறங்கும்போது என்னிடம் அவரே, ஃபீடர்ல வந்த புழு சார், அரிப்பு தாங்காது, ஒரசும், எகிறும், எகிறி வெளிய வுழுந்துடும், இனிமே குஞ்சுங்கள மூணு வாரம் தனியா உப்புத் தண்ணில போட்டு வெச்சு அப்புறமா குடு சார் என்றார். எது நிஜம் என்று கேட்டேன். அவர் கடைசிப் படியில் நின்று யோசிப்பது போல யோசித்து, அம்மாவுக்குச் சொன்னது அம்மாவுக்கு, உங்களுக்குச் சொன்னது உங்களுக்கு சார் என்றார். நான் எனக்குச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து பால்கனியில் ஒரு நீலத் தொட்டி, கல்லுப்பு, வலை. கவர்த் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது, கை கழுவாமல் தொடக் கூடாது. கோலப்பன் என்னை மீன் டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தான். வருஷக்கணக்கில் ஒரு புழு கிடையாது. இப்போது நாங்கள் ஸ்கேன், டாக்டர் என்று அலைந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அவன்தான். மீன் பசியோடு இருக்கும் என்று இரக்கப்பட்டு ஒரு கவர் ஃபீடர் வாங்கிவந்து, தண்ணீரும் குஞ்சுமாக அப்படியே தொட்டியில் கவிழ்த்திருக்கிறான். நான் கேட்டதற்கு, "என்ன அத்தான், மனுஷனுக்கே பத்தியம் பாக்க ஆள் இல்ல, மீனுக்குத் தீனிக்கும் பத்தியமா?" என்றான். அவனிடம் கோபப்பட முடியவில்லை. அவன் அக்காவுக்காக அழுதுகொண்டே வந்து கவரைக் கவிழ்த்தவன்.

ஆக, புழு எப்படி வந்தது என்பது தெரியும். அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். புழு வந்தால் அரிக்கும், அரித்தால் எகிறும். பல வருஷங்களாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதைத்தான், இதைச் சொல்லிக்கொண்டே தூங்கியும் இருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு தடுக்கி நிற்கிறது. கல். அரவானா எகிறும் மீன் என்பது முதல் நாளிலிருந்தே எங்களுக்குத் தெரியும், கடையிலேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். அதனால் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, மூடிமேல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த அம்மியின் குழவியைக் குறுக்காக வைத்திருந்தோம். அம்மி பரணில் கிடந்தது, குழவி மீனுக்குக் காவல் இருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல். புழு அரித்து எகிறிய மீன் குழவியைத் தூக்கிவிட்டு எகிறியதா? ஆவுடை சொல்வதில் கல்லே வருவதில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், நான் பால்கனியிலிருந்து கேட்டிருக்கிறேன், கல் வந்ததில்லை. தீனி போட மூடியைத் திறந்திருப்பாள், அதற்காகக் கல்லை எடுத்திருப்பாள், அவ்வளவுதான். மகள் அப்படிக் கிடக்கும்போது, குளிக்க வந்த இடத்தில், மீனுக்குத் தீனியா? ஏன் கூடாது. நான்கூட அந்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் நாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போட்டேன். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு நான் வீட்டுக்கு வந்தபோது குழவி சமையலறை மேடையில் இருந்தது, கழுவி, நிமிர்த்தி வைத்து, கீழே ஈரம். கல்லை எடுத்துக் கீழே வைப்பவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில்தானே வைப்பார்கள். அடுக்களை வரைக்கும் ஏன் கொண்டுபோக வேண்டும்? மீன் பட்ட கல், அவள் கழுவாமல் விடுவாளா? விடமாட்டாள். சரி. மீனின் மேல் காயம் ஏதும் இல்லை, நான் பார்த்தேன். இல்லை, நான் பார்க்கவில்லை. நான் வருவதற்கு முன்பே மஞ்சள் துணியில் சுற்றிவிட்டிருந்தாள், கோலப்பன் கொண்டுபோய்க் குடியிருப்பின் பின்பக்கத்து மதிலோரம் புதைத்தான். நான் பார்த்தது ஈரமான மஞ்சள் துணியைத்தான். காயம் இல்லை என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காயம் எதற்கு, தண்ணீருக்கு வெளியே கிடந்தால் போதாதா.

நான் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளன். லிஃப்ட் ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அது ஏறும்போது பின்பக்கச் சுவரோரமாக இரும்புக் கட்டைகள் அடுக்கிய எடை ஒன்று அதே வேகத்தில் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ஒன்று மேலே போக ஒன்று கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் திணறும். இதைச் சொல்லிக்கொடுக்கிற நான் ஆவுடையின் பேச்சை எப்படி ஒதுக்குவது? ஒதுக்குகிறேன், ஏனென்றால் லிஃப்ட்டுக்கும் எடைக்கும் நடுவில் கயிறு இருக்கிறது, என் கையால் கிரீஸ் போட்ட கயிறு. வடிவுக்கும் மீனுக்கும் நடுவில் என்ன இருந்தது? ஒரு டெலிபோன். வார்டு வராந்தாவிலிருந்து நான்தான் கூப்பிட்டேன். ஏறுகிறது, கொஞ்சம்தான், ஆனால் ஏறுகிறது என்று சொல்ல. மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுத்தவள் நான் வாயைத் திறப்பதற்குள், ஏறிட்டுல்லா என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அப்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, தாய்க்குத் தெரியும் என்று நினைத்தேன், இன்றைக்கும் அவள் இதைச் சொல்லும்போது கேட்பவர்களுக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்கும். எனக்கும் கலங்கும். பால்கனியில் நின்றுகொண்டு உப்புத் தொட்டியைக் கிளறிக்கொண்டே, எப்படித் தெரிந்தது என்று நினைப்பேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவர்களுக்குத்தான் அவ்வளவு நிச்சயம் வரும். இதுவும் என் கற்பனை. மகள் பிழைத்த செய்தியைக் கூடச் சந்தேகமாகத்தான் நினைவு வைத்திருக்க எனக்குத் தெரிகிறது. வடிவு இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள், நாளை மத்தியானம் வந்துவிடுவாள், வந்ததும் தொட்டியைத் தொட்டுக் கும்பிடுவாள், எப்போதும் போல. அது அவளுக்கு விளையாட்டு இல்லை.

மீன் போய் ஹீட்டர் குழாயில் விலாவை உரசிவிட்டு வருகிறது. காலையிலிருந்து இப்படி உரசுகிறது. உரசிவிட்டு மேலே வந்து மூடியின் கண்ணாடிக்குக் கீழே நிற்கிறது, தாடையின் இரண்டு மீசைகளும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூடிமேல் குழவி இருக்கிறது. மறுபடியும் பார்க்கிறேன், இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் இந்த அறையை விட்டுப் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்த ஆவுடைதான் நூலை முதலில் பார்த்தாள். நான் பார்ப்பதற்கு முன்னால். கண்ணாடியில் கையை வைத்துக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "பாவம், வாங்கிக்கிட்டிருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு இரவு, ஊசி விட்டுச் சதை எடுத்த நாளிலிருந்து முதல் தடவையாக, வயிறாரச் சாப்பிட்டாள். நேற்று வடிவோடு போனில் சிரித்துப் பேசினாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நிம்மதியில் ஒரு நாள் முழுக்க மருந்து வாங்கப் போகவில்லை. ஞாபகம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஞாபகம் இருந்தது.

ஊற்றினால் என்ன ஆகும்? புழு விழும், மீன் பிழைக்கும், நாளைக் காலை டாக்டர் காகிதத்தைப் பிரித்து ஏதாவது சொன்னால், வாங்கிக்கொள்ள இருந்ததை நான் தடுத்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். வாழ்நாளெல்லாம் சொல்லாமல் இருப்பாள். ஊற்றாவிட்டால்? மீன் மெலிந்து மெலிந்து சாகும், அல்லது அரிப்பில் கண்ணாடியில் மோதிச் சாகும், அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வரும், கதை இரண்டாவது தடவையும் நிஜமாகிவிடும், அப்புறம் மூன்றாவதாக ஒரு மீன் வாங்கி வைப்போம், வடிவுக்குப் பிள்ளை பிறந்தால் அங்கேயும் ஒன்று, தலைமுறைக்கும் தொட்டிகள். மீனும் செத்து, அவளுக்கும் இருக்கிறது என்று வந்தால்? அதை நினைக்க முடியவில்லை, தாண்டிப் போகிறேன். மருந்தின் அளவு கூடிவிட்டால் மருந்தே கொன்றுவிடும், இந்த வகை மீனுக்குப் பாதிதான் போடணும் என்று டில்லிபாபு சொன்னார், பாதி என்று எண்ணித்தான் கரைத்தேன். கரைக்கும்போது கை ஒரு மாத்திரையை அதிகமாக எடுத்து, திரும்ப வைத்தது. எதற்கு எடுத்தது? நான் கொன்றாலும் அது வாங்கிக்கொண்டதாகத்தானே ஆகும். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே கூடம், அதே தொட்டி. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களோடு வெளியே நின்று நான் பேசியிருக்கிறேன். கதவைத் தள்ளாதீங்க, உட்காருங்க, காத்து வரும், மேலே ஆள் போயிருக்கான். அப்படிச் சொல்லும்போது சில சமயம் மேலே யாரும் போயிருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பவர் தட்டுவதை நிறுத்திவிட்டால்தான் பயம் வரும். இப்போது இரண்டு பேர் தட்டாமல் இருக்கிறார்கள். ஒருத்தி உள்ளறையில், ஒன்று கண்ணாடிக்குள். நான் யாருக்குக் காவல் இருக்கிறேன்? இந்த நாற்காலியைப் போட்டது மீனிடமிருந்து அவளைத் தடுக்கவா, என்னைத் தடுக்கவா? முப்பது வருஷம் ஒரே இலையில் சாப்பிட்டதுபோல வாழ்ந்தவளுக்கு எதிராக ஒரு மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மகளுக்காகக் கல்லை எடுத்திருந்தால்தான் என்ன? நான் வீட்டில் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேனா? எடுத்திருப்பேன். அவளுக்காக? இப்போது? உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டித் தொட்டியின் மூலையில் விழுந்து தண்ணீர் தேநீர் நிறமாகிறது. பொழுது சாயப்போகிறது. பாட்டிலைக் குலுக்கினேன், அடியில் தேங்கியது மறுபடியும் எழுந்து கலங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்தபோது முட்டி சத்தம் போட்டது, அந்தச் சத்தத்துக்கே மீன் திரும்பிப் பார்ப்பது போல நின்றது. குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன். நான் நினைத்திருந்ததை விடக் கனம், குளிர்ச்சி. நடுவில் கை படும் இடம் மட்டும் மழுமழுவென்று இருந்தது. கீழே வைக்கத்தான் நினைத்தேன். வைக்கவில்லை. இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் மூடியைச் சரித்தேன். மீன் மேலே வந்தது. திறந்த இடத்துக்கு நேர் கீழே, அசையாமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு, தீனி என்று நினைத்திருக்கும். இந்த இடத்தில்தான், மார்போடு அணைத்த இந்தக் கல்லோடுதான், அவளும் நின்றிருப்பாள் என்று தோன்றியது. அப்போதுதான் இத்தனை வருஷமாக எனக்குப் புரியாதது புரிந்தது: இங்கிருந்து எதுவுமே செய்ய வேண்டியதில்லை. மீனைத் தொட வேண்டாம், வெட்ட வேண்டாம். கல்லை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனால் போதும். குழாயைத் திறந்து கல்லைக் கழுவிக்கொண்டிருந்தால் போதும். மிச்சத்தை அரிப்பு பார்த்துக்கொள்ளும். என் கால்கூட அடுக்களைப் பக்கம் ஒரு அடி நகர்ந்தது. நகர்ந்ததா? நகர்ந்தது என்றுதான் நினைக்கிறேன். மீன் உடம்பை வளைத்தது, எகிறுவதற்கு முன்னால் வளைப்பது போல, அல்லது திரும்புவதற்கு வளைப்பது போல.

"என்ன, கல்லைத் தூக்கிக்கிட்டு நிக்குதீங்க?"

ஆவுடை அறை வாசலில் நின்றிருந்தாள். தூங்கி எழுந்த முகம் இல்லை. தலைமுடியை முடிந்துகொண்டே வந்து, முக்காலியில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், என் மார்போடு இருந்த கல்லைப் பார்த்தாள். மருந்து என்றேன். புழுவுக்கு என்றேன். நான் சொன்னது எனக்கே திருடன் பேசுவது போலக் கேட்டது. வேண்டாம் என்று சொல்லப்போகிறாள், அப்போது என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கிட்டே வந்து, சரிந்திருந்த மூடியின் இந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், மீன் வெளியே வராதபடி ஒரு சாண் இடம் மட்டும் விட்டு. பாட்டிலை எடுத்து என் வலது கையில் கொடுத்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.

நாளைக்கு, என்று நான் ஆரம்பித்தேன்.

"நாளைக்கு உள்ளது நாளைக்கு. எனக்காக இன்னொண்ணு வேண்டாம்."

ஊற்றினேன். தண்ணீரில் வெள்ளையாக ஒரு மேகம் இறங்கியது, மீன் அதிலிருந்து விலகித் தொட்டியின் கடைசி வரைக்கும் போய், வேறு வழி இல்லாமல் அதற்குள்ளேயே திரும்பி வந்தது. விலாவில் நூல்கள் ஆடின. பாட்டிலில் மிச்சம் இருந்த கடைசிச் சொட்டையும் தட்டி ஊற்றினேன். அவள் மூடியை அதன் இடத்தில் பொருத்தினாள், ஓரம் ஓரமாக அழுத்திச் சரிபார்த்தாள். பிறகு கல்லுக்காக என்னை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்கள் ஏற்கெனவே அதன் பருமனுக்கு விரிந்திருந்தன. நான் கொடுக்கவில்லை. கல் எங்கள் இருவருக்கும் நடுவில், என் கையில் இருந்தது. அவளுடைய கைகள் நீட்டியபடியே இருந்தன. நான் கேட்டேன்:

"அன்னைக்கு இந்தக் கல்லை எடுத்தது யாரு, ஆவுடை?"